30 கிலோமீட்டர் காற்று

பாலராமபுரத்தைத் தாண்டி நெய்யாற்றங்கரைக்குப் போகும் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் விரிந்திருக்கிறது அதியன்னூர். இன்னும் தெற்கே போனால் பாறசாலை, அதைக் கடந்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் இரு பக்கத்தாருக்கும் தொலைவில் தெரியும் பெரிய மலை ஒன்றுதான். நாம் பொதிகை என்றும் அகத்தியர் மலை என்றும் சொல்கிறோம். மலையாளிகளுக்கு அது அகஸ்தியகூடம். உயரம் 1,868 மீட்டர். நெய்யாறு அங்கே பிறந்து, அருவிப்புறத்தைத் தொட்டு, நெய்யாற்றங்கரை வழியே ஓடி, பூவாற்றில் அரபிக்கடலோடு கலக்கிறது.

தென்னையும் ரப்பரும் சற்று விலகிக்கொடுக்கும் ஏலாக்களில், அதாவது வயல்வெளிகளில், நின்றால், காற்று தெளிந்த நாளில் அந்த மலை வடகிழக்கே எழுந்து நிற்கும். முன்னால் வாழையும் மரச்சீனியும், நடுவில் அடுக்கடுக்கான குன்றுகள், பின்னால் மலைத்தொடர். நிலக்காட்சி எடுப்பவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இதைச் சுவரளவு அச்சாகப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஒருநாள் மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் பேக் எது நல்லது என்று விசாரிக்கத் தொடங்குவார்.

ஹாசல்பிளாட், மாமியா போன்ற பழைய மீடியம் ஃபார்மட் கேமராக்களில் ஃபில்ம் சுருளைத் தாங்கும் பெட்டியைக் கேமராவின் பின்புறத்திலிருந்து கழற்றிவிடலாம். அந்தப் பெட்டிக்குப் பதிலாக அதே இடத்தில் மாட்டும் மின்னணுப் பெட்டிதான் டிஜிட்டல் பேக். லென்ஸும் உடலும் பழையவையாகவே இருக்கலாம். ஃபில்ம் இருந்த இடத்தில் சென்சார் வந்துவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் லீஃப் நிறுவனம் கொண்டுவந்த முதல் பேக்கில் இருந்தவை 40 லட்சம் பிக்சல்கள். வண்ணப்படம் வேண்டுமானால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை ஒவ்வொன்றாக முன்னால் வைத்து மூன்று முறை எடுக்க வேண்டும். அசையாத பொருளுக்கு மட்டுமே அது உதவியது. 2018-ல் வந்த ஃபேஸ் ஒன் ஐ.க்யூ.4 பேக்கில் 15 கோடி பிக்சல்கள்.

விற்பவர் முதலில் சொல்லும் எண் இந்த மெகாபிக்சல்தான். அதியன்னூரிலிருந்து அகத்தியர் மலையைப் பார்க்கிறவர் கடைசியாகக் கேட்க வேண்டிய எண்ணும் அதுதான் என்பது என் துணிபு. அதற்கான காரணம் மலைக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கும் காற்றில் தொடங்குகிறது.

நேர்கோட்டில் அளந்தால் இங்கிருந்து மலை உச்சி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஐ.க்யூ.4-ன் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான் அகலம். 80 மி.மீ. லென்ஸ் மாட்டினால், மலை உச்சியில் 1.4 மீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு ஒரு பிக்சலில் விழும். பத்தாண்டு முந்தைய 6 மைக்ரான் பேக்கில் 2.25 மீட்டர். காகிதத்தில் பார்த்தால் இது பெரிய முன்னேற்றம். 30 கிலோமீட்டர் தொலைவில் 1.4 மீட்டர் என்பது கோணத்தில் சுமார் 10 விகலை; ஒரு பாகையை 3,600 ஆகப் பகுத்தால் அதில் பத்துப் பங்கு. வெயில் ஏறியபின் தரையை ஒட்டிய காற்றில் சூடும் குளிர்ச்சியும் கலந்து கொதிக்கும்போது, இத்தனை நீளமான பாதையில் வரும் ஒளி அந்த அளவுக்கும் அதற்கு மேலும் தள்ளாடும். அப்போது மலையின் பாறை விளிம்பைக் கலைப்பது காற்று. அந்த நேரத்தில் பிக்சலை இன்னும் சிறிதாக்கினால் கிடைப்பது கலங்கலின் நுணுக்கமான படம்.

கலங்கலைவிடப் பெரிய சிக்கல் மங்கல். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளங்களை அதிகம் சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும். தொலைமலை நீலமாகத் தெரிவது இதனால். இந்தக் கரையோரத்தில் அதோடு கடலுப்பும் சேர்கிறது. மேற்கே சில கிலோமீட்டரில் கடல். அலை உடையும்போது எழும் உப்புத்துகள் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் நீரை இழுத்துக் கரைந்து, ஊதிப் பெருத்த துளியாகிவிடும். ஒளியின் அலைநீளத்துக்கு நிகரான அளவுள்ள அந்தத் துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும். நீல மங்கல் வெண் மங்கலாக மாறும். அகச்சிவப்பில் எடுத்தால் மூட்டத்தை ஊடுருவலாம் என்று நிறவடிகட்டி இல்லாத கறுப்புவெள்ளை பேக்குகளைப் பரிந்துரைப்பார்கள். வறண்ட நாட்டின் மெல்லிய நீல மங்கலில் அது பலிக்கும். நம் கடற்காற்றின் வெண் மூட்டத்தில் பெரிதாகப் பலிக்காது.

வானிலை அறிவியலில் ‘பார்வைத் தொலைவு’ என்றால், ஒரு கரும்பொருளின் வேறுபாடு 2 விழுக்காடாகத் தேய்ந்துபோகும் தூரம். பார்வைத் தொலைவு 30 கிலோமீட்டராக உள்ள நாளில் அகத்தியர் மலைக்கும் அதன் பின்னுள்ள வானுக்கும் இடையே மிஞ்சுவது அந்த 2 விழுக்காடுதான். அது 60 கிலோமீட்டராக விரியும் அரிய நாளில் 14 விழுக்காடு மிஞ்சும். சிறந்த நாளிலேயே நம் கைக்கு வருவது உண்மையான வேறுபாட்டில் ஏழில் ஒரு பங்கு என்று பொருள். படத்தைக் கணினியில் திறந்து மலைக்கு உயிர் கொடுக்க வேறுபாட்டை ஏழு மடங்கு இழுத்தால், சென்சாரின் இரைச்சலும் ஏழு மடங்கு இழுபடும். நல்ல பேக்குக்கும் சுமாரான பேக்குக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளியே வரும்.

மலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்கில் இருப்பதால் காலைச் சூரியன் மலையின் பக்கவாட்டில், சற்றுப் பின்னாலிருந்து எழும். நம்மை நோக்கிய முகம் நிழலில் கிடக்கும். மாலை வெயில் அதே முகத்தில் நேராக விழும். ஆனால் பகல் முழுதும் வீசிய கடற்காற்று மாலைக்குள் உப்பையும் ஈரத்தையும் உள்நாட்டுக்குள் தள்ளியிருக்கும். இரவில் காற்று திரும்பி மலையிலிருந்து கடல் நோக்கி இறங்குவதால் விடியலில்தான் காற்று தெளிவு. இடவப்பாதி மழையோ ஐப்பசி மழையோ கழுவிவிட்ட மறுநாள் விடியல் இன்னும் தெளிவு. மார்கழி, தையில் ஏலாக்களின் மேல் மூடுபனி படிந்தாலும் அதற்கு மேலே மலை துலங்கும். ஆக, ஒளி நன்றாக விழும் நேரத்தில் காற்று கெட்டிருக்கிறது. காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் மலை நிழலில் இருக்கிறது. அதியன்னூர்க்காரர் எடுக்கப்போவது விடியற்காலைப் படம். வானத்தின் கூசும் வெளிச்சத்தையும் பலாமரத்தடி இருட்டையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்பது அதிலேயே முடிவாகிவிடுகிறது.

இந்த மலையின் காற்றை அளப்பதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. சுவாதித் திருநாள் ஆட்சியில் 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் தொடங்கியது. பின்னாளில் அதன் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரௌன் 1855-ல் அகத்தியமலையின் உச்சியிலேயே ஓர் ஆய்வு நிலையம் அமைத்து, காந்தப்புலத்தையும் வானிலையையும் அளந்தார். யானையும் அட்டையும் நிறைந்த காட்டின் வழியே கருவிகளை மேலே ஏற்றிய உழைப்பை எண்ணினால், ஒரு டிஜிட்டல் பேக்கைத் தோளில் சுமந்து வரப்பில் நடப்பதைப் பாடு என்றே சொல்ல முடியாது.

இனி சென்சாருக்குள் போவோம். ஒளி விழும்போது ஒவ்வொரு பிக்சலும் எலக்ட்ரான்களைச் சேர்க்கும். அதை ஒரு கிணறாக நினைத்துக்கொள்ளலாம். நீர் நிரம்பி வழிந்தால் அந்த இடம் வெள்ளையாகிவிடும். அடியில் எப்போதும் கொஞ்சம் சேறு கிடக்கும், அதுதான் சென்சாரைப் படிக்கும் மின்சுற்று தானே சேர்க்கும் இரைச்சல். விளிம்புக்கும் சேற்றுக்கும் இடைப்பட்ட தெளிந்த நீரே நமக்குப் பயன்படும். 2000-களில் பேர்பெற்ற ஃபேஸ் ஒன் பி45+ பேக்கில் இருந்தது கோடக் தயாரித்த 3.9 கோடி பிக்சல் சி.சி.டி. வகைச் சென்சார். அதன் 6.8 மைக்ரான் பிக்சல் சுமார் 60,000 எலக்ட்ரான் கொள்ளும். சேறு சுமார் 16 எலக்ட்ரான். இரண்டின் விகிதம் ஏறத்தாழ 12 ஸ்டாப்; ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. இன்றைய 3.76 மைக்ரான் சிமாஸ் வகைப் பிக்சலின் கொள்ளளவு சுமார் 50,000, சேறு மூன்று எலக்ட்ரான் அளவு. விகிதம் 14 ஸ்டாப். பிக்சலின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயும் பயன்படும் ஆழம் கூடியிருக்கிறது. விடியலின் இருட்டான பலாமரத்தடியை நான்கு மடங்கு ஆழமாகத் தோண்டிப் பார்க்கலாம் என்பதே இந்த இரண்டு ஸ்டாப்பின் பொருள்.

சி.சி.டி.-யை 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 2009-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். அதில் எல்லாப் பிக்சலின் மின்னூட்டமும் வரிசையில் நகர்ந்து ஓரத்தில் உள்ள ஒன்றிரண்டு வாசல்கள் வழியே வெளியேறும். அந்த வாசலில் அவசரப்பட்டால் இரைச்சல் கூடும். சிமாஸில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சொந்தப் பெருக்கி உண்டு. நிரல்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் நிதானமாகப் படிக்கப்படுகின்றன. 2014 ஜனவரியில் வந்த ஐ.க்யூ.250-தான் மீடியம் ஃபார்மட் பேக்கில் சிமாஸ் நுழைந்த முதல் படி. அதற்குள் இருந்தது சோனியின் 5 கோடி பிக்சல் சென்சார். பழைய பேக்குகள் 16 பிட் என்று விளம்பரப்படுத்தப்பட்டதை வைத்து அவற்றில் 16 ஸ்டாப் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. 12 ஸ்டாப் சென்சாரை 16 பிட்டில் எழுதினால் கடைசி பிட்டுகளில் சேற்றின் நுணுக்கமான கணக்கு மட்டுமே பதிவாகும்.

வெப்பம் சி.சி.டி.-யை இன்னும் கீழே இறக்குகிறது. ஒளியே படாவிட்டாலும் சிலிக்கானில் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் கசிந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை ஆறேழு டிகிரி ஏறும்போதெல்லாம் இந்தக் கசிவு இரட்டிக்கும். ஸ்காட்லாந்தின் 10 டிகிரி இரவில் சோதித்துப் பார்த்துப் புகழ்ந்த பேக், நெய்யாற்றங்கரையின் 26 டிகிரி விடியலில் ஐந்து மடங்கு கசிவோடு வேலை செய்யும். பி45+ ஒரு மணி நேரம் வரை நீண்ட எக்ஸ்போஷர் தாங்கும் என்று பேர் வாங்கியது, அது உண்மைதான். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு நீண்ட எக்ஸ்போஷருக்கும் பின்னால் அதே அளவு நேரம் ஷட்டரை மூடி ஓர் இருள்படம் எடுத்து, கசிவைக் கழிக்க வேண்டும். மூன்று நிமிடம் நெய்யாற்றின் நீரோட்டத்தை எடுத்தால் அடுத்த மூன்று நிமிடம் கைகட்டி நிற்க வேண்டும். நம் அட்சரேகையில், 8.4 டிகிரி வடக்கில், சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது. விடியலின் நிறம் மாறுவது வடநாடுகளைவிட மிக வேகம். அங்கே பொறுத்துக்கொள்ளத்தக்க அந்தக் காத்திருப்பில் இங்கே வெளிச்சமே கைவிட்டுப் போகும்.

சி.சி.டி.-யின் நிறம் தனி அழகு என்று நம்புகிறவர்கள் நிறைய. எலக்ட்ரானுக்கு நிறம் கிடையாது. நிறத்தைப் பிரிப்பது சென்சாரின் மேல் பூசிய வடிகட்டி. கோடக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு, பாதிப் பிக்சலுக்குப் பச்சை, காலுக்குச் சிவப்பு, காலுக்கு நீலம். அந்தச் சாயங்கள் எந்த அலைநீளத்தை எவ்வளவு விடுகின்றன, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி எங்கே வெட்டுகிறது, மென்பொருள் அதை எப்படிப் பெயர்க்கிறது என்பதில்தான் அழகும் கோளாறும். நம் நிலத்துக்கு இது வெறும் ரசனைப் பேச்சு அல்ல. நெல்நாற்று, வாழை, ரப்பர், தென்னை, பலா என்று சட்டம் முழுக்கப் பச்சைகள். இலைகள் 700 நானோமீட்டரைத் தாண்டியதும் ஒளியைத் திடீரென்று அதிகமாகத் திருப்பி அனுப்புகின்றன. தடுப்புக் கண்ணாடி தளர்வாக இருந்தால் அந்த அகச்சிவப்பு சிவப்புப் பிக்சலுக்குள் கசிந்து, பச்சை பழுத்த இலைபோல மஞ்சளடிக்கும். பேக் வாங்குமுன் இங்குள்ள ஏலாவில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தாக வேண்டும். ஐஸ்லாந்தின் பாறையிலும் பனியிலும் எடுத்த மாதிரிப்படம் இதைக் காட்டிக்கொடுக்காது.

அடுத்து காற்றில் ஆடும் ஓலை. 20 மீட்டர் தூரத்தில் ஒரு தென்னோலையின் நுனி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைகிறது என்று வையுங்கள். அது வெறும் இளங்காற்று. 45 மி.மீ. லென்ஸில் அந்த நுனி சென்சாரின் மேல் நொடிக்கு 2.25 மி.மீ. நகரும். 125-ல் ஒரு நொடி எக்ஸ்போஷரில் 18 மைக்ரான், அதாவது 3.76 மைக்ரான் பேக்கில் ஏறக்குறைய ஐந்து பிக்சல். ஒரு பிக்சலுக்குள் நிறுத்த 600-ல் ஒரு நொடி வேண்டும். பழைய ஹாசல்பிளாட் 500 வரிசை லென்ஸ்களுக்குள் இருக்கும் லீஃப் ஷட்டரின் உச்ச வேகமே 500-ல் ஒரு நொடி. விடியல் வெளிச்சத்தில் அந்த வேகம் வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ.-வை 800-க்கோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டியிருக்கும். சி.சி.டி. பேக்கின் இயல்பான இடம் 50, 100. 800-ல் நிழல்கள் சொறிபிடித்துவிடும். சிமாஸுக்கு அது சாதாரணம். தென்னை நிறைந்த ஊரில் சிமாஸ் பக்கம் சாய்வதற்கு மங்கலைவிட இந்த ஓலைக் கணக்கே எனக்குப் பெரிய காரணம்.

ஷட்டர் இல்லாமல் சென்சாரை மின்னணு முறையில் படித்துக்கொள்ளும் வசதியை ஓலைக்கு முன்னால் நம்பக் கூடாது. 10 கோடி பிக்சலை வரிவரியாகப் படிக்கக் கணிசமான நேரம் ஆகும். மேல் வரியைப் படித்து கீழ் வரிக்கு வருவதற்குள் ஓலை இடம் மாறியிருக்கும். மட்டை வளைந்து நெளிந்த படம் கிடைக்கும். லென்ஸுக்குள்ளோ உடலுக்குள்ளோ உண்மையான ஷட்டர் இருப்பதுதான் பாதுகாப்பு.

கூர்மையின் ஆழமும் பிக்சலோடு சேர்ந்து சுருங்குகிறது. 45 மி.மீ. லென்ஸ், எஃப் 11. 10 கோடி பிக்சலின் முழுக் கூர்மையும் வேண்டுமென்று இரண்டு பிக்சல் அளவையே மங்கலின் எல்லையாக வைத்தால், 25 மீட்டரில் குவித்து 12 மீட்டர் முதல் மலைவரை கூர்மை பெறலாம். காலடியில் உள்ள வரப்பு அதற்குள் வராது. எஃப் 16, 22 என்று துளையைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவத் தொடங்கும். பச்சை ஒளிக்கு எஃப் 8-ல் அந்தப் பரவலின் விட்டம் 10.7 மைக்ரான், எஃப் 11-ல் 14.8, எஃப் 16-ல் 21.5, கடைசியது ஐந்தரைப் பிக்சலுக்கு மேல். குவியத்தை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து அடுக்கலாம், காற்று நின்றால். லென்ஸைச் சாய்க்க வசதியுள்ள டெக்னிக்கல் கேமராவில் கூர்மையின் தளத்தையே வரப்பிலிருந்து மலைவரை படுக்கவைக்கலாம், நடுவில் தென்னை நிமிர்ந்து நிற்காவிட்டால்.

அப்படிச் சாய்த்தும் நகர்த்தியும் எடுக்கும் வைட் லென்ஸ்களில் இன்னொரு வம்பு வரும். ஒளி சென்சாரின் ஓரங்களில் மிகவும் சரிந்து விழும். பக்கத்துப் பிக்சலுக்குள் கசிந்து ஓரத்தில் இளஞ்சிவப்போ பச்சையோ படரும். இதைத் திருத்த ஒவ்வொரு படத்தோடும் வெண்தகட்டை லென்ஸ் முன்னால் பிடித்து ஒரு படம் எடுத்து, மென்பொருளில் கழிப்பார்கள். ஐ.க்யூ.250 தலைமுறை சிமாஸ் இந்த விஷயத்தில் சி.சி.டி.-யைவிடப் பலவீனம், ஒளி விழும் பக்கத்துக்குக் கீழே கம்பிச்சுற்று மறைந்துபோன புதிய சென்சார்கள் அந்தக் குறையைப் பெரிதும் தீர்த்துவிட்டன.

பல படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுவது பெரிய சென்சாருக்கு ஈடாகாதா என்று கேட்கலாம். ஈடாகும், காட்சி அசையாமல் நின்றால். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-ல் இப்படித்தான் எடுத்தார்: 21 அச்சுகளை ஒட்டி, ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம். மெழுகிட்ட காகித நெகட்டிவ், நீண்ட எக்ஸ்போஷர். கருங்கல் அசையாது நின்றது. இன்றைக்கும் அருவிப்புறத்துப் பாறைகளுக்கும் கோயில் மதிலுக்கும் அந்த வழியைத் தாராளமாகப் பின்பற்றலாம். தென்னந்தோப்பில் ஒட்டும் இடமெல்லாம் பிசிறு விழும்.

மங்கலான மலைக்கு மட்டும் ஒரு அருமையான மருந்து உண்டு: ஒரே காட்சியை 16 முறை எடுத்துச் சராசரி கண்டால் தற்செயல் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். ஏழு மடங்கு இழுத்த மலை அப்போதுதான் இழுத்த அடையாளம் தெரியாமல் வரும். ஐ.க்யூ.4 இதைப் பேக்குக்குள்ளேயே செய்துவிடும். முக்காலியும் பொறுமையும் இருந்தால் எந்த கேமராவிலும் கணினியில் செய்துகொள்ளலாம். மலைக்குச் சராசரி, தென்னைக்கு அதிவேகத் தனிப்படம், இரண்டையும் ஒரு அச்சில் சேர்ப்பது என்பது இந்த ஊருக்கென்றே பொருந்தும் முறை.

அச்சளவுக்கு வருவோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் பி45+ படம் 24 அங்குல அகலம் வரும். 5 கோடி பிக்சல் பேக் 28, 10 கோடி 39, 15 கோடி 47. ஆனால் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் கண் பிரித்தறியும் நுணுக்கம் சுமார் 0.29 மி.மீ. நான்கு அடி அகல அச்சுக்கு 4,200 பிக்சல் போதும். அதைப்போல ஏறக்குறைய 1.7 மடங்கைப் பழைய பேக்கே தருகிறது. மூக்கு உரசப் பார்க்கும் கண்காட்சிக்காகத்தான் மீதிப் பிக்சல்.

எதை வாங்குவது? சென்சார் பரப்பில் 36×24 மி.மீ. சாதாரண ஃபுல்ஃப்ரேமைவிட 44×33 மி.மீ. 1.7 மடங்கு, ஐ.க்யூ.4-ன் 53.4×40 மி.மீ. 2.5 மடங்கு. ஒளியில் முக்கால் ஸ்டாப், ஒன்றேகால் ஸ்டாப். விலையில் இந்த விகிதம் இல்லை. ஐ.க்யூ.4 கேமராவோடு 50,000 டாலரைத் தாண்டி அறிமுகமானது. 2024 ஜனவரியில் 10 கோடி பிக்சலோடு வந்த ஹாசல்பிளாட் சி.எஃப்.வி. 100சி, 907எக்ஸ் உடலோடு 8,199 டாலருக்கு அறிமுகமானது. வீட்டில் பழைய ஹாசல்பிளாட் 500 வரிசைக் கேமராவும் லென்ஸும் இருக்கிறவருக்கு நான் சி.எஃப்.வி. 100சி-யைச் சொல்வேன், பணம் போதாவிட்டால் 2019-ன் சி.எஃப்.வி. 2 50சி. 1957 முதல் வந்த அந்த வரிசைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றில் இவை மாட்டும். ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்: 56 மி.மீ. சதுர ஃபில்முக்கான லென்ஸின் நடுப்பகுதியையே 44×33 சென்சார் பார்க்கும். 50 மி.மீ. வைட் லென்ஸ் சாதாரண கேமராவின் 40 மி.மீ. போல ஒடுங்கிவிடும். மலையும் ஏலாவும் சேர்ந்து வேண்டுமானால் 40 மி.மீ. டிஸ்டகான் தேட வேண்டிவரும். அதன் எடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய லென்ஸ் எதுவும் இல்லாதவருக்கு டிஜிட்டல் பேக்கே வேண்டாம். அதே 10 கோடி பிக்சல் சென்சாரும் ஷட்டரும் நடுக்கம் தடுக்கும் அமைப்பும் ஒரே உடலுக்குள் அடங்கிய ஃபுஜிஃபில்ம் ஜி.எஃப்.எக்ஸ். 100எஸ் போன்றவை மழைநாட்டுக்கு மேலும் உகந்தவை; பேக்கைக் கழற்றி மாட்டும் இடம் இல்லையென்றால் ஈரமும் தூசியும் நுழையும் வாசல் ஒன்று குறையும். ஐ.க்யூ.4 டெக்னிக்கல் கேமராவில் சாய்த்து நகர்த்தி எடுக்கவே வாழ்க்கையை வைத்தவருக்கு. சி.சி.டி. பேக்கை யாராவது மலிவாகத் தந்தால் அசையாத கல்லுக்கும் பகல் வெயிலுக்கும் வாங்கலாம். அகத்தியர் மலையின் விடியலுக்கு வாங்க வேண்டாம்.

பயன்படுத்திய பேக் வாங்கும்போது நடுப்பகலில், குளிரூட்டாத அறையில், லென்ஸ் மூடியைப் போட்டபடி ஒரு நிமிட எக்ஸ்போஷர் எடுத்துப் பாருங்கள்; கசியும் பிக்சல்கள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். பிறகு மேகமில்லாத வானத்தை எஃப் 16-ல் எடுங்கள். பழைய சி.சி.டி.-களை இடப்பாதி ஒரு வாசலும் வலப்பாதி இன்னொரு வாசலுமாகப் படிப்பதால், இரண்டின் பெருக்கமும் சரிசமமாக இல்லாவிட்டால் நடுவில் செங்குத்துக் கோடு விழும். அதே வானப்படத்தில் தூசி கரும்பொட்டாகவும், சென்சார் கண்ணாடியில் வேரோடிய பூஞ்சை நரம்பாகவும் தெரிந்துவிடும். தூசியைத் துடைத்துவிடலாம். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே தின்றிருக்கும். அந்தக் கண்ணாடியை மாற்ற பேக்கைத் தயாரிப்பாளரிடம் அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வாங்கியபின் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் பெட்டியில் வையுங்கள். குளிரூட்டிய காரிலிருந்து விடியல் ஏலாவுக்குள் இறங்கும்போது, காற்றுப் புகாத பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு, பேக் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.